"ஐ டூ" என்றேன், எதிரணியில் சேர்த்துவிட்டார்கள்

தூக்கக்கலக்கம்

வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு நாளாக மனதை அரிக்கிறது.

வேலை சம்பந்தமாக ஒரு வீடியோ கால். மறுமுனையில் இருந்தவருக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. புது டிசைனைத் திரையில் காட்டிவிட்டு, "ஹானஸ்ட்லி, ஐ டோன்ட் லைக் இட்" என்றார். எனக்கும் அது துளிகூடப் பிடிக்கவில்லை. நம்மைப் போலவே நினைக்கிறாரே என்ற உற்சாகத்தில் உடனே "ஐ டூ" என்றேன். எனக்கும்தான் என்ற அர்த்தத்தில். அவர் ஒரு நொடி நின்று, "ஓ, யூ டூ? இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் மீட்டிங் மினிட்ஸ் (பேசியதன் குறிப்பு) வந்தது. டிசைனை விரும்பியவர் ஒரே ஒருவர். அது நான்.

எங்கே தப்பு? இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்ளவும் மறுக்கவும் ஆங்கிலத்தில் என்னதான் சொல்வது?

கமா

ஒரே வார்த்தையில் இரண்டு தப்பு.

முதல் தப்பு காது சம்பந்தப்பட்டது. "கூட" என்று பொருள் தரும் டூ வேறு, "செய்" என்ற டூ வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அவர்களுக்கு முதல் டூ ஊதிக்கொண்டு வரும். ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னால் காகிதம் ஆட வேண்டும். நாம் சொல்லும் ட்-டில் அந்த ஊதல் கிடையாது. சொல்லின் தொடக்கத்தில் அந்த இரண்டு ஒலிகளையும் அவர்கள் காது பெரும்பாலும் ஊதலை வைத்துத்தான் பிரிக்கிறது. ஊதாமல் சொன்னதால் அவருக்குக் கேட்டது இரண்டாவது டூ. "எனக்குப் பிடிக்கவில்லை" என்றார், "எனக்குப் பிடிக்கிறது" என்று நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அவருடைய "யூ டூ?" என்பது "அப்படியா, உங்களுக்குப் பிடிக்கிறதா?" என்ற கேள்வி.

இரண்டாவது தப்பு: சரியாக ஊதியிருந்தாலும் அந்த இடத்தில் அது பொருந்தாது. அவர் "டோன்ட்" என்று எதிர்மறையில் சொன்னார். எதிர்மறைக்குப் பின்னால் அந்த டூ வராது. "நீதர் டூ ஐ" (இதில் இருப்பது "செய்" டூ) சொல்லியிருக்க வேண்டும், அல்லது சகஜமாக "மீ நீதர்". "நைதர்" என்றும் சொல்லலாம், இரண்டும் சரி.

ஓரக்கண்

எனக்கும் இதே கதை நடந்திருக்கிறது. மீ டூ.

(இங்கே இது சரிதானே? சொல்லிவிடுங்கள், பயமாக இருக்கிறது.)

பழைய அகராதி

சரிதான், பயப்படாதீர்கள்.

குற்றம் நம்முடைய "உம்"மில் இருக்கிறது. "எனக்குப் பிடிக்கும்" என்றால் "எனக்கும்". "எனக்குப் பிடிக்காது" என்றாலும் "எனக்கும்". "நான் பார்த்துவிட்டேன்", "நான் பார்க்கவே இல்லை", இரண்டுக்கும் "நானும்" போதும். உடன்பாடா எதிர்மறையா, நேற்றா இன்றா, எதையும் அந்த ஒரு "உம்" கண்டுகொள்வதில்லை. ஆங்கிலம் அத்தனையையும் கேட்கிறது. உடன்பாட்டுக்கு "ஸோ", எதிர்மறைக்கு "நீதர்" அல்லது "நார்", அதற்கு அடுத்து எதிராளியின் வாக்கியத்தில் இருந்த ஹெல்பிங் வெர்ப் (ஆம், கேன், டிட் மாதிரியான துணைவினை), கடைசியில்தான் "ஐ". வரிசையும் கேள்வி வாக்கியம்போலத் தலைகீழ்.

"ஐ ஆம் டயர்ட்" என்றால் "ஸோ ஆம் ஐ". "ஐ கான்ட் ஸ்விம்" என்றால் "நீதர் கேன் ஐ". "ஐ வென்ட் ஹோம் எர்லி" என்பதில் ஹெல்பிங் வெர்ப்பே கண்ணில் படவில்லை, அங்கே ஒளிந்திருக்கும் "டிட்" வெளியே வரும்: "ஸோ டிட் ஐ".

மூன்றாம் பெஞ்ச்

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், இதையெல்லாம் யார் அரை நொடியில் யோசிப்பது? எதிரில் இருப்பவர் என்ன காலத்தில் சொன்னார், ஹெல்பிங் வெர்ப் இருந்ததா, "நாட்" இருந்ததா என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. "மீ டூ", "மீ நீதர்", "ஸேம் ஹியர்". இந்த மூன்றை வைத்தே பல வருடமாகக் காலம் தள்ளுகிறேன். அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். "ஸோ டூ ஐ" எல்லாம் பரீட்சைத் தாளுக்கு.

கமா

முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். சகஜப் பேச்சுக்கு "மீ டூ" தாராளம். பரீட்சைத் தாளுக்கு மட்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. "ஸோ டூ ஐ" வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்குகிற வாக்கியம்தான்.

"மீ டூ"வால் சமாளிக்க முடியாத இடங்களும் உண்டு. "ஷீ ட்ரஸ்ட்ஸ் ஹிம்" என்று ஒருவர் சொல்ல, நீங்கள் "மீ டூ" என்றால்? நானும் அவனை நம்புகிறேன் என்றா, அவள் என்னையும் நம்புகிறாள் என்றா? தமிழில் இந்தக் குழப்பமே வராது. "நானும்" என்றால் ஒன்று, "என்னையும்" என்றால் இன்னொன்று. நம் வேற்றுமை உருபு காப்பாற்றிவிடும். அவர்களுடைய "மீ" இரண்டு வேலையும் பார்க்கிறது. "ஸோ டூ ஐ" என்றால் சிக்கல் தீர்ந்தது. அப்புறம், அடுத்தவரைச் சேர்க்க வேண்டுமென்றால்? "ஸோ டஸ் மை பிரதர்" என்று லேசாகச் சொல்லிவிடலாம்.

தூக்கக்கலக்கம்

கமா, ஒரு சந்தேகம். "ஐ'ட்" என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அதற்கு எந்த வெர்ப்பை எடுப்பது?

கமா

நல்ல கண்ணி அது. "ஐ'ட் லைக் டு லீவ்" என்றால் உள்ளே இருப்பது "வுட்", பதில் "ஸோ வுட் ஐ". "ஐ'ட் ஆல்ரெடி லெஃப்ட்" என்றால் உள்ளே "ஹேட்", பதில் "ஸோ ஹேட் ஐ". பின்னால் வரும் வினையைப் பார்த்தால்தான் பிடிபடும்.

"ஹேவ்" இன்னொரு கண்ணி. "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்பதில் அது ஹெல்பிங் வெர்ப், "ஸோ ஹேவ் ஐ". "ஐ ஹேவ் எ ஹெட்ஏக்" என்பதில் அதுவே முக்கிய வினை, இன்றைக்குப் பெரும்பாலும் "ஸோ டூ ஐ" என்பார்கள். பழைய பிரிட்டிஷ் பாணியில் "ஸோ ஹேவ் ஐ" என்றும் காதில் விழும்.

"நாட்" இல்லாமலே எதிர்மறையாக நடந்துகொள்ளும் சொற்களும் உண்டு. "ஐ நெவர் வாட்ச் த நியூஸ்" என்று சொன்னவரிடம் "ஸோ டூ ஐ" என்று சொல்லக்கூடாது. "நெவர்", "ஹார்ட்லி", "ரேர்லி" எல்லாம் எதிர்மறைக் கணக்கு. "நீதர் டூ ஐ".

இன்னொன்று. "ஆர் யூ ரெடி?" என்றால் "யெஸ், ஐ ஆம்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். "யெஸ், ஐ'ம்" என்று சுருக்கி நிறுத்தினால் அந்தரத்தில் தொங்கும். "நோ, ஐ'ம் நாட்" மட்டும் செல்லும்.

அரைப்புள்ளி

எல்லோரும் ஒத்துக்கொள்வதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நண்பர் மாட்டிக்கொண்டது மறுக்கும் பக்கத்தில். தெரியாமல் அவர் சொல்லிவிட்ட "ஐ டூ" ஒன்றும் தப்பான ஆங்கிலம் இல்லை, அருமையான மறுப்பு. அவருக்கு வேண்டாத மறுப்பு, அவ்வளவுதான்.

மறுப்பது ரொம்பச் சுலபம். "ஸோ" கிடையாது, "நீதர்" கிடையாது, தலைகீழ் வரிசை கிடையாது. "ஐ லைக் திஸ் வெதர்" என்றால் "ஐ டோன்ட்". "ஐ கான்ட் ஹியர் ஹிம்" என்றால் "ஐ கேன்". எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறோம்.

சூட்சுமம் அழுத்தத்தில் இருக்கிறது. அவர் தனக்குப் பிடிக்காது என்று சொல்லும்போது, "எனக்கோ பிடிக்கும்" என்று உங்களைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டுமானால் "ஐ" மேல் அழுத்தம். அவர் உங்களைப் பற்றியே ஏதாவது தப்பாகச் சொல்லி ("யூ டோன்ட் லிஸன் டு மீ"), அதை மறுக்க வேண்டுமானால் "டூ" மேல் அழுத்தம். தமிழில் முதலாவதற்கு ஓகாரம், இரண்டாவதற்கு ஏகாரம்: "எனக்கோ பிடிக்கும்", "கேட்கிறேனே!". நாம் ஒரு எழுத்தை ஒட்டிச் செய்கிற வேலையை அவர்கள் குரலை ஏற்றி இறக்கிச் செய்கிறார்கள். நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா வார்த்தையையும் ஒரே எடையில் வைக்கிறோம், அதனால் அந்த ஏகாரமும் ஓகாரமும் வழியிலேயே தொலைந்துபோகின்றன.

மூன்றாம் பெஞ்ச்

இது எனக்குப் புதுசு. எழுதி வைத்துக்கொண்டேன். (முதல் தடவையாக மறுப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.)

ஓரக்கண்

என் தலைவலி வேறு. "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் த விண்டோ?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். தாராளமாகத் திறந்துகொள்ளுங்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு "யெஸ், யெஸ்" என்றேன். மனிதர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பயணம் முழுக்க ஜன்னல் மூடியே இருந்தது, இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. "மைண்ட்" என்றால் "உங்களுக்கு ஆட்சேபணையா" என்று அப்புறம்தான் உறைத்தது. "யெஸ்" என்றால் ஆமாம், ஆட்சேபணை!

அரைப்புள்ளி

அதற்கு "நோ, நாட் அட் ஆல்" என்பார்கள். அனுமதி கொடுக்க "நோ" சொல்ல வேண்டிய ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர்களே சில நேரம் "ஷூர், கோ அஹெட்" என்று சொல்லிவிடுகிறார்கள், முகம் மலர்ந்திருப்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மொட்டையாக "யெஸ்" என்று நிறுத்துவதுதான் ஆபத்து.

இதன் அண்ணன் எதிர்மறைக் கேள்வி. "டோன்ட் யூ நோ ஹிம்?" என்று கேட்டால் நாம் "ஆமாம், தெரியாது" என்கிற கணக்கில் "யெஸ், ஐ டோன்ட்" என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் கவலை இல்லை, உண்மை நிலவரம்தான் முக்கியம். தெரியும் என்றால் "யெஸ், ஐ டூ". தெரியாது என்றால் "நோ, ஐ டோன்ட்". "யெஸ்"ஸும் "டோன்ட்"டும் இப்படி ஒரே பதிலில் சேர்ந்து வராது.

மூன்றாம் பெஞ்ச்

இதோ மறுக்க ஒன்று கிடைத்துவிட்டது. தமிழில் நாம் எப்போதும் "ஆமாம், தெரியாது" என்றா சொல்கிறோம்? "நீ வரலையா?" என்று கேட்டால் "இல்லை" என்றாலும் வரவில்லை, "ஆமாம்" என்றாலும் வரவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள், இரண்டும் விழும். நம் ஊழலை மறைத்துவிட்டு நமக்கென்று ஒரு சட்டம் இருப்பதுபோல் எழுதாதீர்கள்.

அரைப்புள்ளி

ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் கவனியுங்கள், வருகிறவன் என்ன சொல்கிறான்? "ஆமாம்" என்றும் சொல்வதில்லை, வெறுமனே "இல்லை" என்றும் நிறுத்துவதில்லை. "வரேனே!" என்கிறான். மறுபடியும் அந்த ஏகாரம்.

பழைய அகராதி

இந்தக் குழப்பம் நம்முடைய தனிச்சொத்து இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலேயே நான்கு சொற்கள் இருந்தன. நேரான கேள்விக்கு "யே", "நே". எதிர்மறைக் கேள்விக்கு "யெஸ்", "நோ". அதாவது "வருகிறாயா?" என்றால் "யே". "வரவில்லையா?" என்று கேட்டவரிடம் "வருகிறேனே" என்று மறுக்கத்தான் "யெஸ்". வில்லியம் டின்டேல் 1526-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் "நே" வர வேண்டிய இடத்தில் "நோ" போட்டுவிட்டார் என்று கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் 1532-இல் அச்சிலேயே சண்டைக்கு வந்தார். மத விஷயத்தில் மோதிக்கொண்டிருந்தவர்கள், நடுவில் இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மோருக்கு ஆதரவாக மொழி நிற்கவில்லை. நாளடைவில் அந்த நான்கும் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

பிரெஞ்சில் மறுக்கிற "யெஸ்"ஸுக்கு இன்றும் "சி" என்று தனிச்சொல் இருக்கிறது. ஜெர்மனில் "டோஹ்". ஜப்பானியரோ "ஆமாம், தெரியாது" என்கிற வழக்கம் உள்ளவர்கள், ஆங்கிலத்தில் நம்மைப்போலவே வழுக்குகிறார்கள்.

ஓடுபாதை

வெகுநாளாக இந்தப் பக்கம் படிப்பதோடு சரி, இன்று எழுதத் தோன்றுகிறது. விமானப் போக்குவரத்தில் இந்தச் சின்னப் பதில்களை நம்புவதே இல்லை. "யெஸ்"ஸுக்குப் பதில் "அஃபர்ம்", "நோ"வுக்குப் பதில் "நெகட்டிவ்". சினிமாவில் எல்லோரும் சம்மதத்துக்கு "ரோஜர்" என்கிறார்கள். உண்மையில் அதற்கு "நீங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டேன்" என்று மட்டும்தான் பொருள். ஒத்துக்கொண்டதாகவோ செய்வதாகவோ ஆகாது. செய்கிறேன் என்பதற்கு "வில்கோ".

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு, அடர்ந்த பனி மூட்டம். ஓடுபாதையில் இருந்த ஒரு விமானத்திலிருந்து, "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்று சொன்னார்கள். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கிளம்பிவிட்டோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கோபுரத்திலிருந்து முதலில் வந்த பதில் "ஓகே". அதன் பின்னால் "காத்திருங்கள்" என்று சொன்னது, அதே நேரத்தில் இன்னொரு விமானம் பேசியதால் இரைச்சலில் மறைந்தது. அந்த இன்னொரு விமானம் அதே ஓடுபாதையில்தான் இருந்தது. 583 பேர் இறந்தார்கள். அந்த "ஓகே" மட்டுமே காரணம் இல்லை, பல தப்புகள் சேர்ந்த விபத்து. ஆனால் அதற்குப் பிறகு "டேக்-ஆஃப்" என்ற சொல்லையே உண்மையான அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிரச் சொல்லக்கூடாது என்று ஆக்கினார்கள்.

தூக்கக்கலக்கம்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. என் டிசைன் கதை இதற்கு முன் தூசு.

ஆனாலும் கேட்டுவிடுகிறேன். வரும் வாரம் அதே ஆளிடம் மறுத்துப் பேச வேண்டும். "ஐ டோன்ட் அக்ரீ" என்று நேராகச் சொல்லலாமா? முகத்தில் அடித்தமாதிரி இருக்குமா? முன்பு "ஐ ஆம் நாட் அக்ரீ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவர் திருத்தினார்.

கமா

திருத்தியவர் வாழ்க. "அக்ரீ" அதுவே வினை, முன்னால் "ஆம்" வேண்டாம்.

நேராகச் சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் அவர்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டால், சம்மதம் சட்டென்று வரும், மறுப்பு கொஞ்சம் தயங்கி, "வெல்..." என்று இழுத்துக்கொண்டு வரும். அனிதா பொமரன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1984-இல் வந்த ஒரு கட்டுரையில் பதிவுசெய்த உரையாடல்களை வைத்து இதை விளக்கியிருக்கிறார். அதில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது வேறொன்று. ஒருவர் "குட்" என்றால் நிஜமாக ஒத்துக்கொள்கிறவர் ஒரு படி ஏற்றி "எக்ஸலன்ட்" என்பார். அதே அளவில் "யா, இட்ஸ் குட்" என்றோ, ஒரு படி இறக்கி "இட்ஸ் ஓகே" என்றோ நிறுத்தினால், அடுத்து ஒரு "பட்" வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார்.

நான் பல வருடம் எல்லாவற்றுக்கும் அடக்கமாக "யெஸ், குட்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன குறை என்று எதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று புரியாமலே இருந்தது.

மறுப்புக்கு: "ஐ'ம் நாட் ஸோ ஷூர் அபவுட் தட்", "நாட் நெஸஸரிலி", "ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்...". கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டு "பட்"டுக்குப் பின்னால் கையில் சரக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அசடு வழியும். "வித் ரெஸ்பெக்ட்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். மரியாதை என்று சொல்லிக்கொண்டு சண்டைக்குத் தோள் தட்டுகிற சொல் அது.

ஓரக்கண்

"ஐ ஹோப் ஸோ" என்று சொல்கிறோமே, அதன் எதிர்ப்பதம் "ஐ டோன்ட் ஹோப் ஸோ"வா?

கமா

இல்லை, "ஐ ஹோப் நாட்". ஆனால் "திங்க்" வந்தால் "ஐ டோன்ட் திங்க் ஸோ". ஏன் என்று கேட்காதீர்கள், பழக்கம்தான். "ஐ'ம் அஃப்ரெய்ட் நாட்" என்றால் பயமில்லை, "மன்னிக்கவும், இல்லை".

மூன்றாம் பெஞ்ச்

நான் ஒன்று சேர்க்கிறேன். மேலதிகாரியிடம் வேலைப் பளு பற்றிப் புலம்பினேன். அவர் "டெல் மீ அபவுட் இட்" என்றார். சரி, கேட்கிறாரே என்று பத்து நிமிடம் விலாவாரியாகச் சொன்னேன். அது "எனக்குத் தெரியாதா, நானும் அதே கஷ்டத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்கிற வழி என்று யாருமே சொல்லித்தரவில்லை. மனிதர் பொறுமைசாலி.

பழைய அகராதி

"யூ கேன் ஸே தட் அகெய்ன்" என்று யாராவது சொன்னால் மறுபடி சொல்லிவிடாதீர்கள். அதுவும் அதே ஜாதி, முழுச் சம்மதம். "ஐ குடன்ட் அக்ரீ மோர்" என்பதும் அப்படியே. "குடன்ட்" காதில் விழுந்ததும் மறுப்பு என்று நினைத்துப் பலர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, "ஸோ ஐ ஹேவ்". வரிசை மாறாததைக் கவனியுங்கள். "யூ'வ் காட் இங்க் ஆன் யுவர் ஷர்ட்" (உங்கள் சட்டையில் மை கொட்டியிருக்கிறது) என்று ஒருவர் சொல்ல, குனிந்து பார்த்து "அட, ஆமாம்!" என்கிறோமே, அதற்கு "ஸோ ஐ ஹேவ்!". வரிசையைத் திருப்பி "ஸோ ஹேவ் ஐ" என்றால் "என் சட்டையிலும் கொட்டியிருக்கிறது" என்றாகிவிடும்.

தூக்கக்கலக்கம்

கால் இன்று முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

அவர் முதலில் "ஐ டோன்ட் திங்க் வி'ல் ஃபினிஷ் பை ஃப்ரைடே" என்றார். நான் "நீதர் டூ ஐ". தடங்கல் இல்லாமல் வந்தது, கண்ணாடி முன்னால் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த பலன். அப்புறம் பழைய மினிட்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, "யூ டோன்ட் வான்ட் டு சேஞ்ச் த டிசைன், டூ யூ?" என்று கேட்டார். "யெஸ்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. யெஸ் என்றால் எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடியது. அதை விட்டுவிட்டு, இரண்டாவது வார்த்தையில் முழு எடையையும் இறக்கிச் சொன்னேன்:

"ஐ டூ."

"ஓ! யூ டூ வான்ட் டு சேஞ்ச் இட்!" என்று சிரித்துவிட்டார். மினிட்ஸ் திருத்தி வந்திருக்கிறது.

மூன்றாம் பெஞ்ச்

அதே இரண்டு எழுத்தா!

ஓரக்கண்

இந்தத் தடவை ஊதினீர்களா, ஊதவில்லையா?

தூக்கக்கலக்கம்

ஊதவில்லை.